ஒரு மணி ஐந்து நிமிடம்

தொலைபேசியை வைத்த பிறகுதான் அவன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான்.

பத்து முப்பத்திமூன்று.

அவள் சொன்னது வேறு.

“கிளம்பிடுச்சு சார். பத்து நாப்பது. பாசஞ்சர் எட்டு.”

விமானம் தரையை விட்டு எழுந்த பிறகே அழைக்க வேண்டும் என்பது விதி. நான்கு வருடங்களில் அவள் ஒரு நிமிடம்கூடத் தவறியதில்லை. மலை ஊரின் விமான நிலையத்தில், இருக்கிற ஒரே கவுண்ட்டரில் தனியாக வேலை பார்ப்பவள். பெயர் பெனிட்டா. முகம் தெரியாது.

இங்கே கடலோரம். இவனும் தனிதான். ஒரு நாளைக்கு ஒரு விமானம், அது அங்கிருந்து வரும். இறங்கியதும் இவன் அழைத்து நேரம் சொல்ல வேண்டும்.

இரண்டாவது மணியில் எடுப்பாள். எப்போதும் இரண்டாவது மணி.

“இன்னைக்கு மயில் உண்டா சார்?”

“ஓடுபாதைல மூணு நிக்குது மேடம். டிக்கெட் கேட்டா முறைக்குது.”

நான்கு வருடங்கள் என்பது இவ்வளவுதான்.

இன்றோடு இந்தச் சேவை நிற்கிறது. விமானம் இங்கே ஆட்களை இறக்கிவிட்டுச் சென்னைக்குப் போய்விடும். மலைக்குத் திரும்பாது.

நேற்று அவள் கேட்டாள். நம்ம ரெண்டு ஊருக்கும் தூரம் எவ்வளவு சார்?

இரண்டு பேருடைய மேசைக் கண்ணாடிக்கு அடியிலும் ஒரே அட்டவணைதான் இருக்கிறது. இருந்தும் படித்துச் சொன்னான். முந்நூற்றுப் பதினேழு கிலோமீட்டர். ஒரு மணி ஐந்து நிமிடம்.

சாலை வழியே என்றால் மூன்று பேருந்துகள், ஒரு பகல் முழுக்க. அது அட்டவணையில் இல்லை. அவன் விசாரித்து வைத்திருந்தான். இரண்டு முறை பேருந்து நிலையம் வரை போய்த் திரும்பியும் இருக்கிறான்.

“அவ்வளவுதானா,” என்றாள் அவள்.

அவன் சொல்ல நினைத்ததை விட்டுவிட்டு, நாளைக்குப் பாதி சீட்டு காலியாத்தான் வரும் மேடம் என்றான்.

அவள் வைத்துவிட்டாள்.

காலையில் வந்த பட்டியலில் பயணிகள் ஏழு பேர்.

இப்போது அவள் பேசியபோது பின்னால் விமானத்தின் இரைச்சல் கேட்டது. மிக அருகில். பறந்துவிட்ட விமானம் அப்படி இரையாது.

மயிலைப் பற்றியும் அவள் கேட்கவில்லை.

பதிவேட்டில் பத்து நாற்பது என்று எழுதினான். கடிகாரம் அந்த நேரத்துக்கு வந்து சேரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சட்டையின் மேல் பொத்தானைப் போட்டான். கழற்றினான். மறுபடியும் போட்டான்.

ஜீப்பை எடுத்துக்கொண்டு போய் மயில்களை விரட்டினான். ஒன்று மட்டும் நகரவில்லை. இறங்கிப் போய் அதனிடம் கெஞ்சினான்.

பதினொன்று நாற்பத்திரண்டு. உப்பளங்களுக்கு மேலே ஒரு புள்ளி.

பதினொன்று நாற்பத்தைந்து. சக்கரங்கள் தரையைத் தொட்டன.

கதவு திறந்தது. எட்டுப் பேர் படியிறங்கினார்கள். மூன்று பேர் பெண்கள். எந்த முகமும் அவனுக்குத் தெரிந்ததில்லை.

அவன் கண்ணாடிச் சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றான். தொலைபேசியை எடுத்தான். இறங்கிய நேரத்தைச் சொல்ல வேண்டும். விதி.

அவள் எடுக்கக் கூடாது என்று முதல்முறையாக வேண்டிக்கொண்டான்.

ஒரு மணி.

இரண்டாவது.

கண்களை மூடிக்கொண்டான்.

மூன்றாவது.