சகலைக்குப் பிடிக்காத பிளேயர்

"நாயோட மூக்கு ரொம்ப ஈரமா இருக்கு சகலை. இவ்வளவு ஈரம் நல்லதில்ல."

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் பாதிப் பேருக்குக் கண் சோதித்துக் கண்ணாடி மாட்டிவிட்டவர் அவர். எது தெளிவு, எது மங்கல் என்று அவருக்கா ஒருத்தர் சொல்லித் தரவேண்டும்?

எதிரே, டி.வி. கடையின் பெரிய திரை நிறைய ஒரு நாய் புல்வெளியில் ஓடி வந்து நின்றது. மீசை மயிரை ஒவ்வொன்றாக எண்ணிவிடலாம். அப்படி ஒரு டிஸ்க் பிளேயர்!

"மூக்குன்னா ஈரமாத்தான் சகலை இருக்கும்!"

"இருக்கலாம். தெரியக்கூடாது" என்றார் சகலை.

போன வாரம்தான் கண்ணாடிக்காரர் வீட்டுக்குப் புது எச்.டி. டி.வி. வந்திருந்தது. வாசல் கதவைக் கழற்றித்தான் உள்ளே கொண்டுபோனார்கள். அதற்கு ஏற்ற டிஸ்க் பிளேயரும் கேபிளும் வாங்க இன்று கிளம்பியபோது, மனைவி வழிமறித்தாள்.

"தனியாப் போய் ஏமாறாதீங்க. என் தங்கச்சி வீட்டுக்காரரைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அவருக்கு இதெல்லாம் அத்துப்படி."

அத்துப்படிதான், வாங்கவிடாமல் தடுப்பதில்! முதல் பிளேயரில் டிஸ்க் வைக்கும் தட்டு மெதுவாக வெளியே வருகிறதாம். இரண்டாவதில் பொத்தான் கம்மியாம். மூன்றாவதில் நாய்க்கு ஜலதோஷம்.

"சரி, கேபிளையாவது வாங்கிக்கறேன்" என்றார் கண்ணாடிக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

விற்பனையாளர் ஆவலோடு ஒன்றை எடுத்து நீட்டினார். "ரெண்டு மீட்டர் சார். மேல துணி பின்னினது. முனையில தங்க முலாம்."

"தங்கமா?" சகலை உதட்டைப் பிதுக்கினார். "விலை இறங்கட்டும் சகலை."

"வெறும் முலாம்தான் சார்..."

"முலாமும் இறங்கும்."

சொல்லிவிட்டு சகலை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "என் பேக்கரியில மாவு பொங்கிக்கிட்டிருக்கும். வாங்க, போகலாம். ஒரு வாரம் பொறுத்தா இதைவிட நல்லதா வரும்."

கையைப் பிடித்துத் தெருவுக்கே இழுத்து வந்துவிட்டார்.

கண்ணாடிக்காரருக்கு எல்லாம் பட்டவர்த்தனமாகப் புரிந்துவிட்டது. பொறாமை! சகலை வீட்டு பிளேயர் கிழடு. ஹேர்பின்னை விட்டு நெம்பினால்தான் தட்டே திறக்கும். நம் வீட்டில் மட்டும் நாய் மீசையோடு ஓடினால் மனுஷனுக்குத் தூக்கம் வருமா?

சகலையின் ஸ்கூட்டர் முனை திரும்பியது. பத்து வரை எண்ண ஆரம்பித்தார். எட்டாவது எண்ணிலேயே பொறுமை போய், கடைக்குள் ஓடினார்.

"அந்த நாயைக் கட்டுங்க!"

"சார்?"

"பிளேயரை! தங்கக் கேபிளோட!"

விற்பனையாளர் தயங்கினார். "உங்ககூட வந்தவர்..."

"அவர் கிடக்கார். நீங்க கட்டுங்க."

"ஒரே நிமிஷம் சார்" என்று உள்ளே போனவர், சிரித்த முகமாகப் பெட்டியோடு வந்தார்.

வழி நெடுகக் கண்ணாடிக்காரருக்குக் கால் தரையில் படவில்லை. பெட்டியைக் கைக்குழந்தை போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நாளைக்கே சகலையைக் குடும்பத்தோடு வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். முன் வரிசையில் உட்கார வைக்க வேண்டும். 'ஈரம் போதுமா சகலை?' என்று கேட்க வேண்டும். தெருவிலேயே இரண்டு தரம் சொல்லிப் பார்த்து, தனியாகச் சிரித்துக்கொண்டார்.

வீட்டுக் கதவைத் தள்ளியதும், "ஓ!" என்று ஒரே சத்தம்.

மனைவி. அவள் தங்கை. நடுவில், சட்டையெல்லாம் மாவோடு சகலை. பேக்கரியிலிருந்து வந்த கேக். டி.வி.யின் கீழே சிவப்பு ரிப்பன் கட்டி உட்கார்ந்திருந்தது, அதே பிளேயர். அதே துணி பின்னிய கேபிள்.

"இன்னிக்கு உங்க பிறந்த நாள்! வழக்கம்போல மறந்தாச்சா?" மனைவி கைகொட்டிச் சிரித்தாள். "காலையிலேயே அவர் அதே கடையில வாங்கிட்டு வந்துட்டார். நீங்க எங்க இன்னொண்ணு வாங்கித் தொலைச்சிடுவீங்களோன்னுதான் அவரையே காவலுக்கு அனுப்பினேன்!"

"ஒவ்வொரு பிளேயருக்கும் குறை கண்டுபிடிக்கறதுக்குள்ள எனக்கு நாக்குத் தள்ளிடுச்சு" என்றார் சகலை.

சிரிப்பு அடங்கியதும் எல்லோருடைய பார்வையும் ஒரே இடத்தில் வந்து நின்றது.

"அது என்னங்க கையில?" என்றாள் மனைவி.

கண்ணாடிக்காரருக்குக் காது வரை சூடேறியது. வாய் மட்டும் தானாகத் திறந்தது.

"இதுவா? இது... சகலைக்கு! எத்தனை நாளைக்குத்தான் ஹேர்பின்னை வச்சுக் குத்திக்கிட்டிருப்பார், பாவம். அதான் அவர் போனதும் திரும்பிப் போய்..."

"ஐயோ, மாமா!" என்று மச்சினி உருகிவிட்டாள். மனைவியோ, கல்யாணமான நாளிலிருந்து பார்க்காத ஒரு பார்வை பார்த்தாள்.

சகலை கண் கலங்க வந்து, பெட்டியோடு சேர்த்து அவரை இறுக்கக் கட்டிக்கொண்டார். தோளெல்லாம் மாவு. பிடியைத் தளர்த்தாமல், காதோடு காதாகச் சொன்னார்:

"நீங்க திரும்பி வந்து கேக்கறீங்கன்னு அந்த டி.வி. கடைக்காரர் அப்பவே எனக்கு போன் பண்ணிட்டார் சகலை. ஆசையாக் கேக்கறார், இல்லேன்னு சொல்லிடாதீங்கன்னு நான்தான் சொன்னேன். நாளைக்கு ரெண்டு பேருமாப் போய்த் திருப்பிக் குடுத்துக்கலாம்... இப்ப முகத்தை அப்படி வச்சுக்காதீங்க, உங்க வீட்டம்மா எவ்வளவு பெருமையாப் பார்க்கறாங்க! சிரிங்க!"