கறந்து காட்டுங்க

"சென்னிமலையண்ணா, இன்னைக்கும் டிகிரி இறங்கியிருக்குதுங்க."

பால் சொசைட்டி வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. டெஸ்டர் கிருத்திகா பாலின் அடர்த்தியை டிகிரியில் காட்டும் லாக்டோமீட்டரைக் கேனிலிருந்து எடுத்துத் துடைத்தாள். பிஸிக்ஸ் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். தப்பென்றால் தயவு தாட்சண்யம் பார்க்க மாட்டாள்.

"என்னமோ தெரியலீங்க அம்மிணி."

"டிகிரி இறங்குது. பாலு மட்டும் முன்னைக்கு இப்போ கூடி வருதே, அதெப்படிங்க?"

சென்னிமலை கேன் மூடியைத் தேடி எடுத்தார்.

"குழாயில தண்ணி நல்லா வருதாட்ட இருக்குது!" என்றார் பின்னால் நின்ற குப்பண்ணன். நாலு பேர் சிரித்தார்கள். சென்னிமலை தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் மறுத்துப் பேசாததுதான் கிருத்திகாவுக்கு ஆத்திரத்தைக் கிளப்பியது.

"நல்லாக் கேட்டுக்குங்கண்ணா. லிட்டரு, எடையெல்லாம் அளவைச் சார்ந்த குணம். ஊத்த ஊத்தக் கூடும். அடர்த்தி அப்படியில்லீங்க, சூடு மாதிரி. உங்க மாட்டுப் பாலு ஒரு டம்ளரா இருந்தாலும் ஒரு கேனா இருந்தாலும் ஒரே டிகிரிதான் காட்டோணும். லிட்டரு ஏறி டிகிரி இறங்குச்சுன்னா, உள்ளே என்னமோ கலந்திருக்குதுன்னு அர்த்தம்."

"சரிங்க."

"என்ன சரிங்க? நாளைக்குச் சாயங்காலம் கமிட்டி கூடினா உங்க பேரையே எடுத்துருவாங்க. மீனாட்சிபுரத்துல வேற எந்தச் சங்கமும் உங்க பாலை வாங்காது. காலையில நானே ஊட்டுக்கு வர்றேன். என் கண்ணு முன்னால கறந்து காட்டுங்க. அப்புறந்தான் கமிட்டிக்குச் சொல்லுவேன்."

மறுநாள் பொழுது விடியும்போதே போய்விட்டாள். சென்னிமலை இரண்டு மாட்டையும் கறந்து, கேனை அவள் முன்னால் வைத்தார். பால் ஆறும்வரை காத்திருந்து லாக்டோமீட்டரை விட்டாள்.

நல்ல கெட்டிப் பால். டிகிரி கணக்காக நின்றது. அளவோ, தினமும் சொசைட்டிக்கு வருவதைவிடக் குறைவு.

"இப்ப என்ன சொல்றீங்க? மிச்சம் எங்கிருந்துங்க வந்துச்சு? அப்பா வயசு இருக்கும் உங்களுக்கு. வெக்கமா இல்லீங்களா?"

"எழுதிக் குடுத்துருங்க அம்மிணி. நான் ஒண்ணும் சொல்லல."

இப்படியும் ஒரு அழுத்தக்காரர் இருப்பாரா! கிருத்திகா விறுவிறுவென்று கிளம்பினாள்.

அப்போது வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பிரதீபா வந்தாள். புருசன் செத்து வருசம் திரும்பாதவள். கையில் தூக்குப்போசி நிறையப் பால்.

"அண்ணா, இன்னைக்கும் உங்க கேன்லயே..."

கிருத்திகாவைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். போசியை முந்தானைக்குள் மறைக்கப் பார்த்தாள்.

"பயப்படாதே, கொண்டா" என்று சென்னிமலை போசியை வாங்கித் தன் கேனில் கவிழ்த்தார். நீர்த்த பால். கேனைக் கிருத்திகா பக்கம் நகர்த்தினார்.

"இப்பப் பாருங்க. நேத்து வந்த டிகிரிதான் வரும்."

கிருத்திகா லாக்டோமீட்டரை விட்டாள். அதேதான் வந்தது.

"தண்ணியில்லீங்க அம்மிணி" என்றார் சென்னிமலை. "தீனிக்கு வழியில்லாம எளைச்ச மாட்டுப் பாலு. டிகிரி பத்தலைன்னு போன மாசம் இவங்க மூஞ்சியக்கூடப் பாக்காம நீங்க திருப்பி அனுப்பினீங்களே, அதுதானுங்க."