பதிவான ஆஸ்பத்திரி

காய்ச்சலில் கொதிக்கும் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு, பாவாயி ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குள் ஓடினாள். மருந்து கொடுக்கப் புதிதாக வந்த டிரஸ்ஸர் வெள்ளைக் கோட்டைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, புள்ளைக்கு மருந்து குடுங்கய்யா."

"என்னத்தம்மா குடுக்கிறது? போத்தல் பூரா சாயத் தண்ணி. எனக்கு வேலை கிள்ளான் டவுன்ல. சர்க்கார் டாக்டர் பார்வையிட வர்றாருன்னு இன்னிக்கு மட்டும் இங்க நிக்கச் சொன்னாங்க. டிரஸ்ஸரும் மருந்தும் இல்லாட்டி ஆஸ்பத்திரியப் பதிவு பண்ண மாட்டாங்களாம்."

பாவாயி மகளைப் பலகையில் கிடத்திவிட்டு வெளியே பாய்ந்தாள். வெள்ளைக்கார டாக்டர் காரில் ஏறப் போனார். தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி பக்கத்தில் குழைந்துகொண்டு நின்றார்.

பாவாயி டாக்டரின் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள்.

"துரை, இந்த டிரஸ்ஸர் ஒரு நாள் வாடகைக்கு வந்த ஆளு. போத்தல்ல இருக்கிறது வெறும் சாயத் தண்ணி. போன மாசம் என் மூத்தவன் மருந்தில்லாமத்தான் செத்தான்."

டாக்டர் தமிழ் புரியாமல் கிராணியைப் பார்த்தார். கிராணி இங்கிலீஷில் கடகடவென்று சொன்னார். டாக்டரின் முகம் மலர்ந்தது. ஏதோ சொல்லியபடி அங்கேயே ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கிராணியிடம் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

"துரை என்ன சொன்னாரு?" என்று கேட்டாள் பாவாயி.

கிராணி காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

"தோட்டத்து ஆளுங்கள்ல ஒருத்தராவது ஆஸ்பத்திரியப் பத்தி நல்லபடியா சொன்னாத்தான் பதிவுன்னு காலையிலேருந்து பிடிவாதமா நின்னாரு. நல்லவேளை, நீயே வந்து கால்ல விழுந்து நன்றி சொல்லிட்ட."