மகனுக்கு ஆக்கிய கீரை

“சிறுநீரகத்துல கல்லு. தினமும் பசலைக்கீரை சாப்பிடுவீங்களா?” ஸ்கேன் படத்தைப் பார்த்தபடி கேட்டார் டாக்டர்.

வலியில் சுருண்டு கிடந்த மருமகள் தலையை மட்டும் ஆட்டினாள்.

மாமியாருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “ரத்தம் ஊறட்டும்னு என் மகனுக்கு மட்டும் ஆக்குற கீரைடி அது! திருடியா தின்ன?”

மகன் டாக்டர் முகத்தைப் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடி சொன்னான்.

“அவ திருடலம்மா. கீரைன்னாலே எனக்குக் குமட்டும். நீ திட்டுவியேன்னு, நீ அந்தப் பக்கம் திரும்பினதும் அவ தட்டுல தள்ளிடுவேன். அவளுக்குத்தான் அது ரொம்பப் பிடிக்குமே!”

மனைவி மெல்லக் கண் திறந்து அவனைப் பார்த்தாள்.

“எனக்கும் குமட்டத்தாங்க செய்யும். நீங்க ஒரு நாளும் கேட்டதில்ல.”