நம்ம வீட்டு சர்வர்

“அண்ணா, என் மெயிலை எல்லாம் ஏதாவது கிளவுட் கம்பெனிக்கு மாத்திக் கொடேன்” என்று லேப்டாப்பை அவன் பக்கம் நகர்த்தினாள் தங்கை.

அவனுக்குச் சுருக்கென்றது. குடும்பத்தார் மெயிலுக்கென்றே ஒரு சர்வர் வாங்கி, அலமாரி மேல் வைத்துக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்பவன் அவன்.

“ஏன், அடிக்கடி படுத்துடுதா?”

“சேச்சே, இல்ல.”

“அங்க எவனெவனோ படிப்பான். முகம் தெரியாதவனை நம்புவே, அண்ணனை நம்ப மாட்டியா?”

“உன்னை நம்பாமலா? லீவு நாள்லகூட அதுகிட்டயே மல்லுக்கட்டிட்டு இருக்கே. பாவமா இருக்கு. அதான்.”

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“சரிம்மா, மாத்திடறேன். ஆனா நீயும் எங்களுக்காக எதையும் விட்டுக்கொடுக்காதே. அம்மாவை நான் பாத்துக்கறேன். அந்த வெளிநாட்டு வேலைக்கு வரேன்னு எழுதிடு.”

தங்கை நிமிர்ந்தாள்.

“அது என் சிநேகிதியைத் தவிர யாருக்கும் தெரியாதே. அவளுக்கும் மெயில்லதானே எழுதினேன்...”

அலமாரி மேல் சர்வர் உறுமிக்கொண்டிருந்தது.

லேப்டாப் திரையை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள் தங்கை.