முக்கோணத்தின் மூன்றாம் முனை

கடற்கரையில் தனியே நின்ற தென்னையைக் கச்சிமுகம்மது வெட்டிச் சாய்த்ததும் அவர் மனைவி சுபைறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“காய்க்கிற மரத்தை ஏன் வெட்டினீங்க?”

“உன்ட தம்பி வாத்தியாரைத் தோணியில கூட்டிப்போனது என்ட பிழை. பள்ளிவாசல் மினாரா ஒரு முனை, இந்தத் தென்னை ரெண்டாம் முனை. ரெண்டுக்கும் கோணம் பாத்தா மூணாம் முனையில மீன் கிடக்கிற பாறை எண்டு வகுப்பில முக்கோணம் கீறிப் படிப்பிச்சிருக்கான். இப்ப ஊரே அங்கதான் தூண்டில் போடுது.”

“அப்ப நீங்க எப்படிப் பாறையைக் கண்டுபிடிப்பீங்க?”

கச்சிமுகம்மது வெட்டிய அடிமரத்தின் பக்கத்தில் நெடிய கம்பொன்றை நட்டார்.

“நான் கடலுக்குப் போற நாளில மட்டும் உன்ட சிவப்புச் சேலையை இதுல காயப்போடு.”