முதலில் கண்கள்

புத்தகக் கடையில் வரிசை வாசல்வரை நிற்கிறது. இந்தக் கரடிக் கதையைப் படித்து வளர்ந்தவர்கள் இன்று தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வந்திருக்கிறார்கள். குழல்விளக்கின் கீழே, கதையை எழுதி வரைந்த நரைத்த தலைக்காரி, ஒவ்வொரு புத்தகத்திலும் கையெழுத்துக்குப் பதில் கரடியை வரைந்து தருகிறாள். முதலில் இரண்டு கண்கள். பிறகுதான் முகம். "ஏன் பாட்டி கண்ணை முதல்ல போடுறீங்க?" என்கிறாள் மேசையில் தாடையை வைத்திருக்கும் சிறுமி. "ஆஸ்பத்திரியில என் பையன் அப்படித்தான் போடச் சொல்லுவான். அம்மா அசந்துட்டாலும் கரடி முழிச்சிருக்கணுமாம்." "அந்த அண்ணனுக்கு இப்ப எத்தனை வயசு?" பேனா அப்படியே நிற்கிறது. கரடியின் கண்ணில் மை ஊறிப் பெரிதாகிறது. "ஆறு." "ஐ, என் வயசு!" சிறுமிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. பின்னால் நிற்கும் அவளுடைய அப்பா, அவள் தோளைப் பற்றித் தன்னோடு இறுக்கிக்கொள்கிறார்.